காரைக்குடி அடுப்பில் கொரியக் கோழிக் காரச் சூப்

கொரியாவில் மாட்டிறைச்சியில் வைப்பது யுக்கெஜாங். அதையே கோழியில் வைத்தால் தக்கெஜாங். கோடை உச்சத்தில் வியர்க்க வியர்க்கக் குடிக்கிற சூப் என்பதால் நம்மூர் சித்திரை வெயிலுக்கும் பொருந்தும். செட்டிநாட்டுச் சமையல்கட்டில் இதைச் செய்கிறவர்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறக்காமல் இருப்பதுதான் முக்கியம். கல்பாசி, சோம்பு, பட்டை எது விழுந்தாலும் இது நம்ம கோழிச் சாறாகிவிடும். எலும்புச் சாறு, மிளகாய் எண்ணெய், வெங்காயத்தாள் மூன்றும்தான் இதற்கு உயிர்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ கோழி, எலும்போடு பெரிய துண்டுகளாக. மஞ்சள் தடவி வாட்டியது என்றால் தேய்த்துக் கழுவவும், இல்லையேல் சாறு மஞ்சளாகும். முதலில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டவும். பிறகு இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய வெங்காயம், 6 பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி. சிறுதீயில் பிராய்லருக்கு 45 நிமிடம், நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரம். தீயைக் கூட்டினால் கொழுப்பு கரைந்து சாறு கலங்கும். கறியை எடுத்து ஆறவைத்து, விரல் நீள நாராகக் கையால் பிய்க்கவும். வடிகட்டிய சாறு ஒன்றே முக்கால் லிட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் வெந்நீர் சேர்க்கலாம்.

பலர் கோட்டை விடுவது மிளகாயில். கோச்சுகாரு எனும் கொரிய மிளகாய்த்தூள் நல்ல சிவப்பு, மட்டான காரம், கொரகொரப்பு. அது கிடைக்காவிட்டால் 25 கிராம் காஷ்மீரி மிளகாயைக் காம்பும் விதையும் நீக்கி, மொறுமொறுவென வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி, ரவையைவிடச் சற்றுப் பெரிதாக எடுக்கவும். குண்டு மிளகாய் ஒன்றிரண்டு சேர்க்கலாம். முழுக்க அதையே போட்டால் நிறம் வருமுன் காரம் தாங்காது. கடைத் தூள் மாவாக இருப்பதால் எண்ணெயில் பட்டதும் கருகும்.

சூப் பாத்திரத்திலேயே 4 மேசைக்கரண்டி மணமில்லாத எண்ணெய் ஊற்றி, நறுக்கிய வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் ஒரு மேசைக்கரண்டி நசுக்கிய பூண்டையும் சிறுதீயில் வதக்கவும். மணம் வந்ததும் அடுப்பை அணைத்து, சற்றுப் பொறுத்து, 3 மேசைக்கரண்டி மிளகாயைப் போட்டுக் கிளறவும். தாளிக்கிற பழக்கத்தில் புகையும் எண்ணெயில் போட்டுவிட வேண்டாம். மிளகாய்த் துகள்களைச் சுற்றி மெல்லிய நுரை எழும்பி, அரை நிமிடத்தில் எண்ணெய் செக்கச்செவேலென மாறினால் சரி. நெடியேறி இருமல் வந்து, நிறம் பழுப்பானால் கருகிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி செய்யவும். அந்தக் கசப்பை எந்தச் சாறும் மறைக்காது. பதம் வந்ததும் இரண்டு கரண்டி சாறு ஊற்றிச் சூட்டை நிறுத்தவும்.

வெங்காயத்தாள் 250 கிராம், மூன்று அங்குல நீளத்தில் நறுக்கிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுப் பிழிந்தால் வழவழப்பு போகும். கொரியர்கள் போடும் காய்ந்த பெரணித் தண்டுக்குப் பதில் 200 கிராம் சிப்பிக் காளானைக் கிழித்துப் போடலாம். முளைப்பயறு 150 கிராம். முளை விரல் நீளம் வளர்ந்திருக்க வேண்டும். கொரியர்கள் சேப்பந்தண்டும் போடுவார்கள். அதை நார் உரித்து, 15 நிமிடம் வேகவைத்து நீரைக் கொட்டாவிட்டால் தொண்டை அரிக்கும்.

கறியையும் காய்களையும் 2 மேசைக்கரண்டி லைட் சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், இன்னும் கொஞ்சம் பூண்டு சேர்த்துப் பிசறி 10 நிமிடம் ஊறவிடவும். டார்க் சோயா சாஸ் சிவப்பைக் கறுப்பாக்கிவிடும். எல்லாவற்றையும் மிளகாய் எண்ணெயில் புரட்டி, மீதிச் சாறு ஊற்றி 20 நிமிடம் கொதிக்கவிட்டு, கடைசியில் உப்புப் பார்க்கவும்.

இதில் சேர்க்கிற கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த மணம் இராது. ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவினால் ஓரளவு ஈடாகும். இரண்டு முட்டையை அடித்து மெல்லிய தாரையாக ஊற்றி, கால் நிமிடம் கிளறாமல் விடவும். உடனே கிளறினால் சூப் கலங்கும்.

சற்றுக் குழைந்த பொன்னிச் சோறு சரியான துணை. ஒரு கைப்பிடி கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறவைத்து அதோடு சேர்த்து வடித்தால் இன்னும் நன்று. கொரியாவிலும் கறுப்பரிசி கலந்து சமைப்பதுண்டு. மறுநாளுக்கு எடுத்துவைக்கிற சூப்பில் முட்டை ஊற்ற வேண்டாம், சூடுபடுத்தும்போது ஊற்றிக்கொள்ளலாம்.