ஜெராக்ஸ் மிஷின் நெட்வொர்க்கில் வரவில்லையா? டிரைவரில் கை வைக்கும் முன்

மஞ்சக்குப்பத்து வக்கீல் அலுவலகமானாலும் புதுச்சேரி நேரு வீதிக் கடையானாலும் புகார் ஒன்றுதான்: "நேற்று வரைக்கும் பிரிண்ட் வந்தது, இன்றைக்கு ஆஃப்லைன் என்று காட்டுகிறது." உடனே டிரைவரை, அதாவது கம்ப்யூட்டரில் மிஷினை இயக்கும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். நேற்று ஓடிய டிரைவர் ராத்திரியில் கெட்டுப்போவது அபூர்வம். பெரும்பாலும் மாறியிருப்பது மிஷினின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்.

கரண்ட் போய் வந்தால் ரூட்டரும் மிஷினும் ஒன்றாக எழுந்திருக்கும். பழைய கணக்கை மறந்துவிட்ட ரூட்டர், முதலில் கேட்டவருக்கு முகவரியைக் கொடுத்துவிடும். மிஷினுக்கு வேறு எண் கிடைக்கும். கம்ப்யூட்டரோ பழைய எண்ணுக்கே பிரிண்டை அனுப்பிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் அடிக்கடி போகும் நாட்களில் இந்தத் தொல்லை கூடும்.

அதனால் முதலில் மிஷினிடம் போங்கள். நெட்வொர்க் அமைப்பில் இப்போதைய ஐபி முகவரியைப் பாருங்கள், அல்லது கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிடுங்கள். 169.254 என்று தொடங்கினாலோ 0.0.0.0 என்று இருந்தாலோ, ரூட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை என்று அர்த்தம். ரூட்டர் எழுந்து இரண்டு நிமிடம் ஆன பிறகு மிஷினை அணைத்துப் போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

கேபிள் செருகும் இடத்தில் சின்ன லைட் எரிகிறதா? எரியவில்லை என்றால் நெட்வொர்க் சுவிட்சில் (கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) வேறு ஓட்டையில் செருகிப் பாருங்கள், பிறகு நன்றாக இருக்கும் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் உப்புக் காற்று மலிவான பிளக்கைச் சீக்கிரம் அரிக்கும். செம்பில் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. முனையை வெட்டிப் புது பிளக் அடிக்க வேண்டும். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை.

முகவரி சரியாக இருந்தால் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் அடியுங்கள்: ping என்று எழுதி, இடம் விட்டு மிஷினின் ஐபி எண்ணைப் போட்டால், அந்த எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று தெரியும். பதில் வந்தாலும் நம்பிவிடாதீர்கள். மிஷினின் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். அப்போதும் பதில் வந்தால், அதே எண்ணை யாரோ ஒருவரின் செல்போனோ சிசிடிவி பெட்டியோ வைத்திருக்கிறது. பிரிண்ட் ஒரு சமயம் வரும், ஒரு சமயம் வராது என்ற புகாருக்கு இதுதான் அடிக்கடி காரணம்.

மிஷின் 192.168.0 வரிசையிலும் கம்ப்யூட்டர் 192.168.1 வரிசையிலும் இருந்தால், நடுவில் இரண்டாவது ரூட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள்; அப்போது அது தனியாக முகவரி கொடுக்காது, முதல் ரூட்டரின் நெட்வொர்க்கையே நீட்டிக்கும்.

நிலையான தீர்வு ஒன்றுதான்: மிஷினின் மேக் முகவரியை (தயாரிக்கும்போதே அதற்குக் கொடுத்த நெட்வொர்க் எண்) ரூட்டரில் பதிந்து, எப்போதும் அதே ஐபி கிடைக்கும்படி ஒதுக்கிவிடுங்கள். மிஷினிலேயே எண்ணை எழுதுவதானால், ரூட்டர் விநியோகிக்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்துப் போடுங்கள். பிறகு விண்டோஸில் பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ், போர்ட்ஸ் பக்கத்தில் அந்த எண்ணுக்கு டிசிபி/ஐபி போர்ட் சேர்த்து, ரா முறையில் 9100 வையுங்கள். மிஷினை விண்டோஸ் தானே கண்டுபிடித்துச் சேர்த்த டபிள்யூஎஸ்டி போர்ட்டை நம்பி இருக்க வேண்டாம். மிஷின் தயாராக இருந்தும் ஆஃப்லைன் என்று காட்டினால், அதே போர்ட்டின் அமைப்பில், மிஷினின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் ஃபோல்டருக்குப் போகவில்லை என்றால் அது வேறு நோய். விண்டோஸ் பாஸ்வேர்டு மாறியிருந்தால் மிஷினின் அட்ரஸ் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது, பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் செல்லாது. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் ஆக்குங்கள். பழைய மிஷின்களுக்கு எஸ்எம்பி1, அதாவது நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை, மட்டுமே தெரியும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அது இருப்பதில்லை. சிலர் அதைத் திரும்ப இயக்கிவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்: அதே 2017-இல் வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். கட்சிக்காரர்களின் பத்திரங்கள் இருக்கும் கம்ப்யூட்டர் அது. மிஷினின் ஃபர்ம்வேரை (உள்ளே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்து எஸ்எம்பி2 அல்லது 3 இயக்குங்கள். அதற்கு வழியில்லாத மிஷினில் யுஎஸ்பியில் ஸ்கேன் எடுப்பதே மேல்.

ஜிமெயிலுக்கு ஸ்கேன் போகாவிட்டால், வழக்கமான பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். 2022 மே 30-க்குப் பிறகு கூகுள் அதை இத்தகைய சாதனங்களிடமிருந்து ஏற்பதில்லை. கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, இத்தகைய சாதனங்களுக்கென்று கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து மிஷினில் போடுங்கள். மெயில் அமைப்பில் போர்ட் 587, பாதுகாப்பு முறை ஸ்டார்ட்டிஎல்எஸ். எல்லாம் சரியாக இருந்தும் பிழை வந்தால் மிஷினின் தேதியைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் இருந்தால், மெயில் சர்வரின் சான்றிதழை மிஷின் ஏற்காமல் போகலாம்.