காபித் தூளைச் சல்லடையில் போட்டுப் பாருங்கள்

"இந்த கிரைண்டர் நல்லா அரைக்கும்" என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரே கேள்விதான்: எந்த அளவுத் துகள் எவ்வளவு? மதுரைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் சிவில் லேபில் வேலை பார்க்கிறேன். மணலைச் சலித்து, எடை போட்டு, வளைகோடு வரைவதுதான் பிழைப்பு. அதே முறை காபித் தூளுக்கும் சரிப்படும், தீர்ப்பு மட்டும் தலைகீழ். கான்கிரீட்டுக்குப் பெரிசும் பொடியும் கலந்த மணல்தான் உயர்வு, ஏனென்றால் இடைவெளியைப் பொடி அடைத்துக்கொள்ளும். ஃபில்டரில் அந்த அடைப்பு நடந்தால் டிகாஷன் இறங்காது. மாவாகப் போனது சீக்கிரமே கசப்பையும் இறக்கிவிடும், குருணையாக நின்றது சாரத்தை முழுக்க விடாமலே சக்கையாகும்.

கொட்டையிலிருந்து ஆரம்பிப்போம். நான் எடுப்பது தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகா. எதுவானாலும் சரி, எல்லா கிரைண்டருக்கும் ஒரே வறுவல், ஒரே பொட்டலம். கறுக்க வறுத்தது எளிதில் நொறுங்கும், எண்ணெய் கசிந்து சல்லடையிலும் ஒட்டும், அதனால் நடுத்தர வறுவல் நல்லது. சிக்கரி கூடவே கூடாது. கடை மெஷினையும் சேர்த்துப் பார்க்க ஆசை என்றால், ஒரே டப்பாவிலிருந்து பாதியைக் கொட்டையாகவும் பாதியை அரைத்தும் வாங்குங்கள். மெஷினுக்குள் முந்தைய ஆளின் தூள் கொஞ்சம் இருக்கும், அதனால் முதலில் விழுவதைத் தனியே பிடிக்கச் சொல்லுங்கள்.

சல்லடைகள் 1.18 மி.மீ., 600, 425, 300, 150, 75 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று), அடியில் தட்டு. மண் பட்ட லேப் சல்லடையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள், காபிக்கென்று தனியாக வாங்குங்கள். முழு செட்டுக்குக் காசு இல்லையென்றால் 600, 300, 150 மூன்றும் தட்டும் வைத்து ஆரம்பிக்கலாம், ஆனால் வளைகோடு கரடாக இருக்கும், அதன் இரு நுனிகளையும் சரியாகப் படிக்க முடியாது. தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும்.

கிரைண்டரில் ஒரு கைப்பிடி கொட்டையை ஓட்டிக் கொட்டிவிட்டு, அப்புறம் 50 கிராம் நிறுத்து அரையுங்கள். சித்திரை வெயிலில் காற்று காய்ந்து கிடக்கும்போது தூள் மின்னேறி மூடியிலும் விரலிலும் ஒட்டும். அரைக்கும் முன் கொட்டையில் துளி தண்ணீர் சேர்த்தால் இந்த மின்னேற்றம் குறைகிறது என்று ஓரிகான் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஈரக் கரண்டிக் காம்பால் ஒரு கிளறு கிளறினால் போதும். செய்தால் எல்லா கிரைண்டருக்கும் செய்யுங்கள், இல்லையென்றால் எதற்கும் வேண்டாம்.

பெரிய கண் சல்லடை மேலே வர அடுக்கி, தூளை மேலே கொட்டி, அடுக்கை ஐந்து நிமிடம் ஆட்டித் தட்டுங்கள். ஒவ்வொரு சல்லடையிலும் நின்றதை நிறுத்து எழுதி, இன்னொரு நிமிடம் ஆட்டி மறுபடி நிறுங்கள். மாறியது மொத்தத்தில் 1 சதவீதத்துக்குள் என்றால் சலிப்பு முடிந்தது. எல்லா எடையையும் கூட்டினால் சலிக்கப் போட்ட எடை வர வேண்டும். அரை கிராமுக்கு மேல் குறைந்தால் பிரஷ்ஷால் சல்லடைக் கண்களைத் தட்டித் தேடுங்கள். சலித்த தூளில் நான் காபி போடுவதில்லை, அது மாடியில் மல்லிகைத் தொட்டிக்குப் போகிறது.

இப்போது செமி-லாக் தாளில் (ஓர் அச்சு மட்டும் 10, 100, 1000 என்று பத்து மடங்காக ஏறும் வரைதாள்) வரையுங்கள். கிடையாக மைக்ரான், நெட்டாக அந்த அளவுச் சல்லடையைக் கடந்துபோன தூளின் சதவீதம். 10, 50, 90 சதவீதம் எந்த மைக்ரானில் விழுகிறது என்று படியுங்கள். 90-க்கான அளவிலிருந்து 10-க்கானதைக் கழித்து, 50-க்கானதால் (இதுதான் நடு அளவு) வகுத்தால் கிடைப்பது பரவல். உதாரணத்துக்கு 150, 400, 800 என்றால் பரவல் 1.6. 90, 400, 1100 என்றால் 2.5, அதாவது மாவும் குருணையும் கூடுதல். பெரும்பாலும் பிளேடு சுழலும் மிக்ஸிதான் இந்த இரண்டாவது ரகம். பற்களுக்கு நடுவே நசுக்கும் பர் கிரைண்டரில் ஓர் அளவுக்கு வந்த துகள் வெளியேறிவிடும். மிக்ஸி ஜாரில் அது உள்ளேயே சுற்றி மறுபடி வெட்டுப்படும்.

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு கிரைண்டரில் நடு அளவு 400, இன்னொன்றில் 700 என்று இருக்கும்போது பரவலை ஒப்பிட்டால் நீங்கள் பார்ப்பது அரைக்கும் அளவை மாற்றும் திருகு வைத்த இடத்தை, கிரைண்டரின் தரத்தை அல்ல. நடு அளவு கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை திருகை மாற்றி, மிக்ஸி என்றால் விட்டுவிட்டு ஓட்டும் நேரத்தை மாற்றி, மறுபடி சலியுங்கள். அலுப்பான வேலைதான். அதைத் தாண்டினால்தான் ஒப்பீடு. ஒவ்வொன்றையும் மூன்று தடவையாவது செய்யுங்கள். ஒரே கிரைண்டர் தனக்குத்தானே 0.2 வேறுபட்டால், இரண்டு கிரைண்டருக்கு நடுவே தெரியும் 0.1-க்கு அர்த்தமில்லை.

சல்லடைக்கும் எல்லை உண்டு. 75 மைக்ரானுக்குக் கீழான மாவு பெரிய துகளோடு ஒட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிடும், உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். அதைச் சரியாக அளக்க லேசர் கருவி வேண்டும்.

கடைசியில் நாக்கு. நடு அளவு பொருந்திய இரண்டு தூளிலும் ஒரே எடை, ஒரே வெந்நீர் வைத்து டிகாஷன் இறக்குங்கள். மூன்று டம்ளர், இரண்டு டம்ளரில் ஒரு தூளின் டிகாஷன், மூன்றாவதில் மற்றதன் டிகாஷன். ஊற்றுகிறவர் பரிமாறக் கூடாது. எங்கள் வீட்டில் அத்தை ஊற்றுவார், என் மகன் கொண்டுவருவான். எது மாறுபட்டது என்று குடிப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாகும் என்பதால், 12 பேரில் குறைந்தது 8 பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் இருப்பதாக எழுதுவேன். வீட்டில் குடிப்பது பால் கலந்துதான் என்றால் சோதனையையும் பால் கலந்தே நடத்துங்கள்.