பன்னிரண்டு வளையங்கள், மூன்று எலிகள்: இரத்தக்குழாய் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஓர் ஆய்வு மாணவி தன் முதல் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். நீரிழிவு எலிகளின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய வளையங்கள், குழாயை விரிக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்குச் சரியாகத் தளரவில்லை. அவருடைய மருந்தைக் கொடுத்த எலிகளில் அந்தத் தளர்ச்சி மீண்டிருந்தது. வளைவுகள் தெளிவாகப் பிரிந்து நின்றன, பிழைக்கோடுகள் மிகச் சிறியவை. கீழே எண்ணிக்கை 16 என்று போட்டிருந்தது. "எத்தனை எலிகள்?" என்று கேட்டேன். "நான்கு" என்றார். எனக்கு வயிறு கலங்கியது. 20 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு இதே மாதிரி ஒரு விடையைத்தான் நானும் சொன்னேன்.

வாயு செலுத்தும் முன்பே கால்சியத்தைச் சேர்த்து, திசுவை உயிரோடு வைக்கும் கிரெப்ஸ் கரைசலைக் கலங்கவைப்பது, குழாயைத் தளர்த்தும் மருந்தான நைட்ரோபுருசைடை வெளிச்சத்தில் வைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை சோதனையைக் கெடுத்து, முதல் மாதத்திலேயே பாடம் சொல்லிவிடும். எனக்குக் கவலை தருபவை வேறு. சோதனை நன்றாகவே நடந்தது என்று நம்பவைத்து, சில ஆண்டுகள் கழித்து வந்து கழுத்தைப் பிடிக்கும் தவறுகள் இருக்கின்றன.

சேதமான வளையம் என்று நோயையே தூக்கி எறிவது

எண்டோதீலியம் என்பது இரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் படர்ந்திருக்கும் படலம். கருவியின் முனை உரசினாலே போய்விடும். ராபர்ட் ஃபர்ச்காட் 1953இல், முயலின் பெருந்தமனிப் பட்டைகளை அசிட்டைல்கோலின் சுருக்குகிறது என்று எழுதினார். உயிருள்ள உடலிலோ அதே பொருள் குழாய்களை விரிக்கிறது. இந்த முரண்பாடு கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1978இல் உதவியாளர் ஒருவர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, சுருங்க வேண்டிய திசு தளர்ந்தது. ஃபர்ச்காட் அதை ஒதுக்கிவிடாமல் துருவினார். அசிட்டைல்கோலின் குழாயைத் தளர்த்துவது உட்படலத்தின் வழியாகத்தான் என்பதும், பட்டைகளைத் தயாரிக்கும்போதே அந்த உட்படலம் தேய்ந்துபோயிருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1980இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தபோது அவருக்கு வயது 64. நோபல் பரிசு 1998இல் வந்தது.

இந்தக் கதையை எல்லோரும் படித்திருக்கிறார்கள். அதனால் எல்லோரும் ஒரு வரம்பும் வைத்திருக்கிறார்கள்: அசிட்டைல்கோலினுக்கு 70 சதவீதத்துக்குக் குறைவாகத் தளரும் வளையம் சேதமானது, அதைத் தள்ளிவிடு. நலமான எலிக்கு இது சரி. நோயுற்ற எலிக்கு? அங்கே தளர்ச்சி குறைவதைத்தான் நாம் அளக்க வந்திருக்கிறோம். வரம்பை அப்படியே போட்டால், நோய் முற்றிய வளையங்கள் குப்பைக்குப் போய், தேறியவை மட்டும் தரவில் மிஞ்சும். வரம்பே வேண்டாம் என்றால், நம் கை செய்த சேதமும் நோயின் கணக்கில் ஏறிவிடும்.

நைட்ரோபுருசைடுக்கு நன்றாகத் தளர்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். அது தசையில் நேரடியாக வேலை செய்யும் மருந்து. தசை நலமாக இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும், உட்படலம் ஒட்டியிருக்கிறதா என்று சொல்லாது. எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு நலமான எலியும் ஒரு நோயுற்ற எலியும் சேர்ந்தே மேசைக்கு வரும். எது எது என்று வெட்டுபவருக்குத் தெரியாது. நலமான எலியின் வளையங்கள் வரம்பைத் தாண்டாவிட்டால் அன்றைய கை சரியில்லை என்று இரண்டு எலிகளின் தரவும் போகும். சோதனை முடிந்ததும் வளையங்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்துவிடுகிறோம்.

வளையத்தை எலியாக எண்ணுவது

இதைப் பற்றித்தான் முதன்மையாக எழுத வந்தேன்.

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டு. என்னிடம் நான்கு கலங்கள் கொண்ட உறுப்புக்குளியல் கருவி இருந்தது; கரைசலில் தொங்கும் திசுவின் இழுவிசையை அது அளக்கும். ஓர் எலியின் மார்புப் பெருந்தமனியிலிருந்து நான்கு வளையங்கள் எளிதாகக் கிடைக்கும். நான்கு கலங்களில் நான்கையும் தொங்கவிட்டு, நான்கிலும் ஒரே சோதனையைச் செய்தேன். ஒரு குழுவுக்கு மூன்று எலிகள், ஆகவே எண்ணிக்கை 12. புள்ளியியல் சோதனையின் பி மதிப்பு, வழக்கமான வரம்பான 0.05க்கு வெகு கீழே இருந்தது. நெறியாளர் மகிழ்ந்தார், கட்டுரை போயிற்று. அந்த முடிவை நம்பி எனக்குப் பின்னால் சேர்ந்த மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டின் தலைப்பையே பதிவு செய்துவிட்டார்.

மதிப்பாய்வாளர் ஒற்றை வரி கேட்டிருந்தார்: "இவை எத்தனை விலங்குகளிலிருந்து வந்தவை?"

எலிவாரியாகச் சராசரி எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளிகள் மூன்றாயின, வேறுபாடு கரைந்தது. ஏன் என்று தோண்டியபோது, மருந்து கொடுத்த மூன்று எலிகளில் ஒன்றுக்கு, நீரிழிவை உண்டாக்கக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் சரியாகப் பிடிக்கவே இல்லை என்று தெரிந்தது. அதன் சர்க்கரை அளவு மற்றவற்றைவிட மிகவும் குறைவு. அதற்கு நோயே முழுதாக வரவில்லை, ஆகவே அதன் நான்கு வளையங்களும் அருமையாகத் தளர்ந்திருந்தன. ஒரே எலி நான்கு சாட்சிகளாக வந்து நின்று என் மருந்துக்கு ஆதரவாகப் பேசியிருக்கிறது. குழுவுக்கு எட்டு எலிகள் வைத்து மறுபடி செய்தேன். விளைவு பாதிக்கும் கீழே போய், தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத நிலைக்கு வந்தது. எனக்குப் பதினான்கு மாதங்கள் போயின. பின்னால் வந்த மாணவர் தலைப்பை மாற்றி முதலிலிருந்து தொடங்கினார். அவர் என்மேல் ஒரு நாளும் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கணக்கு கடினமானதல்ல. ஒருவரின் இரத்த அழுத்தத்தை நான்கு முறை அளந்தால் நான்கு நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். ஒரே எலியின் வளையங்கள் ஒரே சர்க்கரை அளவில், ஒரே கூண்டில், ஒரே நாளில், ஒரே கத்தியில் வந்தவை. அவற்றின் ஒற்றுமையைப் புதிய தகவல் என்று கொள்ள முடியாது. திட்டப் பிழையைப் பெற, திட்ட விலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம். 3க்குப் பதில் 12 என்று போட்டால், எந்த உழைப்பும் இல்லாமல் பிழைக்கோடு பாதியாகிவிடும். அந்த மாணவியின் வரைபடத்தில் நான் பார்த்த சின்னஞ்சிறு கோடுகளின் ரகசியம் இதுதான்.

சோதனை அலகு எது, அதாவது எதை ஒன்று என்று எண்ணுகிறோம் என்று சொல்லுமாறு விலங்கு ஆய்வுகளுக்கான அரைவ் நெறிமுறைகள் 2010இலேயே கேட்டன. பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபார்மகாலஜி 2015இல், புள்ளியியல் ஒப்பீட்டுக்குக் குழுவுக்குக் குறைந்தது 5 சார்பற்ற மாதிரிகள் வேண்டும் என்றும், ஒரே மாதிரியில் திரும்பச் செய்த அளவுகள் அதில் சேராது என்றும் எழுதியே வைத்தது. அதற்குப் பிறகும் இது நடக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்ற பதிலை ஓரளவு பொறுத்துக்கொள்வேன். "விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான்" என்ற பதிலைப் பொறுக்க முடியாது. எந்த முடிவையும் தராத ஆய்வில் இறந்த எலி வீணாக இறந்த எலி. என் முதல் சுற்றில் இறந்தவை அனைத்தும் அப்படித்தான் போயின.

நான்கு வளையங்களை நேர்மையாகப் பயன்படுத்த நல்ல வழி இருக்கிறது. ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில், உட்படலம் வெளிவிட்டுத் தசையைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியைத் தடுக்கும் எல்-நேம், ஒன்றில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கும் இண்டோமெத்தசின், ஒன்றில் வேண்டுமென்றே உட்படலத்தை நீக்கிவிடுங்கள். ஓர் எலிக்கு நான்கு கேள்விகள், ஒவ்வொரு எலியும் தனக்குத் தானே ஒப்பீடு. விலங்குகள் மிச்சமாவது இந்த வழியில்தான். ஒரே சோதனையை இரு வளையங்களில் செய்தால் சராசரி எடுத்து ஒன்றாக்குங்கள். செல் வளர்ப்பிலும் இதே விதிதான்: ஒரே கொடையாளரின் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து வந்த செல்களை ஆறு குழிகளில் போட்டாலும் எண்ணிக்கை ஒன்று.

முன்சுருக்கத்தைச் சமன் செய்யாமல் தளர்ச்சியை ஒப்பிடுவது

தளர்ச்சியை அளக்க முதலில் குழாயைச் சுருக்க வேண்டும். அதற்குப் பயன்படும் மருந்து ஃபினைலெஃப்ரின். எல்-நேம் சேர்த்த வளையம் அதே அளவு ஃபினைலெஃப்ரினுக்கு அதிகமாகச் சுருங்கும். அதிகம் இறுகியதைத் தளர்த்துவது கடினம். ஆகவே தளர்ச்சி குறைந்ததற்குத் தடுப்பான் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஃபினைலெஃப்ரின் செறிவைக் குறைத்து இரண்டையும் ஒரே இழுவிசைக்குக் கொண்டுவாருங்கள். சதவீதத்தோடு மில்லிநியூட்டன் அளவையும் கொடுங்கள். பொட்டாசியம் குளோரைடால் சுருக்கினால் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியே பொட்டாசியம் மிகுந்துவிட்டால் செல்சவ்வின் மின்னழுத்த மாற்றத்தால் நிகழும் தளர்ச்சி அடைபட்டுவிடும். சிறு தமனிகளில் அதுவே முக்கியமான வழி.

இசி50 எண்களை அப்படியே சராசரி எடுப்பது

இசி50 என்பது உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு. மடக்கையாக மாற்றிய பிறகுதான் சராசரி.

ஆண் எலிகள் மட்டும்

ஈஸ்ட்ரஜன் எண்டோதீலியத்தின் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் கூட்டுகிறது. பாதி மனித குலத்தை விட்டுவிட்டு எழுதாதீர்கள்.

ஒவ்வொரு சாறுக்கும் ஒரு கட்டுரை

பணி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும் என்ற நெருக்கடி எனக்குப் புரிகிறது. அந்த நெருக்கடியில் பலர் பிடித்துக்கொள்ளும் பாதை ஒன்று: ஒரு தாவரச் சாறு, எலியின் பெருந்தமனி, தளர்ச்சி, கொஞ்சம் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு அளவீடு. அடுத்த ஆண்டு வேறு தாவரம். போதிய செறிவில் ஊற்றினால் ஏராளமான பொருள்களுக்குப் பெருந்தமனி தளரும். அந்தச் செறிவு இரத்தத்தில் ஒருபோதும் வராது என்றால் அந்தத் தளர்ச்சிக்கு மருத்துவப் பொருள் எதுவும் இல்லை. இரத்த அழுத்தத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை சிறு தமனிகள். பெருந்தமனிக்கு அதில் பங்கு குறைவு. சிறு தமனிகளை அளக்க மல்வனியும் ஹால்பெர்னும் 1970களிலேயே கம்பி மையோகிராஃபைத் தந்துவிட்டார்கள். கற்க ஆறு மாதம் ஆகும், அந்த ஆறு மாதத்தைக் கொடுங்கள்.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு என்ற சொல்லையும் கவனமாகக் கையாளுங்கள். சூப்பர்ஆக்சைடு என்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவம் நைட்ரிக் ஆக்சைடை அழிக்கிறது என்பது உண்மை. ஆனால் 9,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஹோப் ஆய்வில், வைட்டமின் ஈ மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. கட்டுரையின் முடிவுரையில் "சிகிச்சைக்குப் பயன்படலாம்" என்று எழுதும் முன் இதை நினைத்துப் பாருங்கள். பத்துச் சாறுகளின் பட்டியலோடு நேர்காணலுக்கு வருபவரிடம் தேர்வுக்குழு கேட்கும் கேள்வி "உங்கள் கேள்வி என்ன?" என்பதுதான். அதற்குத் திறமையானவர்கள் தடுமாறி நின்றதை நான் குழுவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

குறிப்பேடு

ஒவ்வொரு வளையத்தின் பக்கத்திலும் எலியின் எண், எடை, சர்க்கரை அளவு, வெட்டியவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். அந்த நான்கு வளையங்களும் எந்த எலியுடையவை என்று அன்று நான் கண்டுபிடித்தது, ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்த ஒரு எண்ணால்தான்.