கேள்விகளே தலைப்புகளாகத் திரும்பி வந்தபோது

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடி பற்றிக் கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் 14 தாய்மாரிடம் எடுத்த நேர்காணல்களை முதன்முறை பகுத்தபோது, உணவு, எரிவாயு, பாடசாலை என்ற மூன்று தலைப்புகளே எனக்குக் கிடைத்தன. அவை கருப்பொருள்கள், அதாவது பலரின் பேச்சையும் இணைக்கும் பொதுவான பொருள் இழைகள், அல்ல. நான் கேட்ட கேள்விகள்தாம். கருப்பொருள் பகுப்பாய்வுக்கு உளவியல் ஆய்வாளர்களான பிரவுன், கிளார்க் ஆகியோர் 2006இல் விளக்கிய ஆறு கட்டங்களில் முதலாவதான, தரவோடு நன்கு பழகும் கட்டத்தை அவசரமாகக் கடந்திருந்தேன்.

ஒலிப்பதிவுகளை மீண்டும் கேட்டேன். “நான் பிறகு சாப்பிடுறன் எண்டு சொல்லிப்போட்டு, பானையைக் கழுவி வச்சிருவன்” என்று ஒரு தாய் கூறியிருந்ததை, எழுத்துப்படியில் “பின்னர் உண்பதாகக் கூறுவேன்” எனச் செப்பனிட்டு, ‘உணவு’ என்று குறியீடும் (ஒரு பேச்சுத் துண்டின் பொருளைச் சுட்டும் சிறு பெயர்) இட்டிருந்தேன். அவர் கழுவிய பானை அதில் இல்லை. சொல்லவேண்டியதெல்லாம் அந்தப் பானையில்தான் இருந்தது. எழுத்துப்படிகளைப் பேச்சுவழக்கிலேயே திருத்தி, ‘உண்ணாததைப் பிள்ளைகளிடம் மறைத்தல்’ என்பதுபோலச் செயலைச் சொல்லும் குறியீடுகளை வரிவரியாக இட்டபின், விறகுக்குக் கடன்பட்டதைக் கணவரிடம் சொல்லாதவரும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாததற்குக் காய்ச்சலைக் காரணம் காட்டியவரும் அதனருகே வந்து சேர்ந்தனர். மூன்று தலைப்புகளையும் ஊடறுத்து, ‘இல்லாமையை மறைக்கும் உழைப்பு’ என்ற கருப்பொருள் உருவாயிற்று. எதையும் மறைக்காமல் அயலவரிடம் அரிசி கேட்ட இருவரின் பேச்சையும், அதற்கு எதிர்மாறான சான்றாகக் கூடவே வைத்து எழுதினேன்.