ஈபே ஏலத்தில் பணம் கட்டாதவரையும் சந்தேகத்துக்குரியவரையும் கையாளும் முறை

ஏலம் நல்ல விலைக்கு முடிந்து இரண்டு நாள் ஆகியும் பணமும் வராமல் பதிலும் வராமல் இருந்தால், எடுத்தவர் மறந்துவிட்டாரா, அல்லது ஏமாற்ற வந்தவரா என்ற ஐயம் விற்பவருக்கு எழுவது இயல்பு. இவ்விரு வகையினரையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதே நான் முதலில் வலியுறுத்த விரும்புவது. பணம் கட்டாதவரால் நமக்குப் போவது சில நாள்களும் ஓர் ஏலமும்தான். பொருள் நம் அலமாரியிலேயே இருக்கிறது. ஏமாற்ற வருபவரோ பெரும்பாலும் பணம் கட்டத் துடிப்பவராகவே தோன்றுவார். அவரிடம் பறிபோவது பொருள். முன்னவரிடம் பொறுமையும் விதிமுறையும் போதும், பின்னவரிடம் கண்டிப்பு வேண்டும்.

ஈபேயில் ஏலம் எடுத்தவருக்குப் பணம் செலுத்த 4 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஒரு முறை, தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே, பொருளின் பெயரையும் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையையும் குறிப்பிட்டு மரியாதையாக நினைவூட்டுங்கள். ஒருவரே உங்களிடம் இரண்டு மூன்று பொருள்களை எடுத்திருந்தால், அஞ்சல் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு நீங்கள் பில் அனுப்புவீர்கள் என்று அவர் காத்திருக்கக்கூடும். பழைய நாணயம், அஞ்சல்தலை விற்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். மிரட்டலாக எழுதுவதால் பணம் வருவதில்லை. பின்னால் தகராறு வந்தால் அந்தச் சொற்களே உங்களுக்கு எதிராக நிற்கும்.

ஐந்தாம் நாளிலிருந்து ஆர்டரை நீங்களே ரத்து செய்யலாம். அப்போது தளம் கேட்கும் காரணத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் பலர் தவறுவது இங்கேதான். ‘வாங்குபவர் பணம் செலுத்தவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது அவருடைய கணக்கில் பதிவாகும். விற்பனைக்காக உங்களிடம் பிடிக்க வேண்டிய இறுதிக் கட்டணமும் விலகும். சிக்கல் சீக்கிரம் முடியட்டும் என்று எண்ணி ‘பொருள் கைவசம் இல்லை’ என்று குறித்துவிட்டால், குற்றம் உங்கள் கணக்கில் ஏறி, விற்பனையாளராக உங்கள் தரநிலை குறையும். எடுத்தவரே முன்வந்து, தவறுதலாக ஏலம் கேட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டால், ‘வாங்குபவர் ரத்து செய்யக் கேட்டார்’ என்று முடித்துக்கொள்வதே நியாயம் என்பது என் கருத்து. நேர்மையாகச் சொன்னவரைத் தண்டிக்க வேண்டியதில்லை.

ரத்தான பிறகு, அடுத்த நிலையில் இருந்தவருக்கு ‘இரண்டாம் வாய்ப்பு’ அனுப்ப ஈபே இடம் தருகிறது. அவர் கேட்ட உச்சத் தொகையே அதன் விலையாக இருக்கும். இருவர் மட்டுமே மோதிய ஏலத்தில், அந்த உச்சம் வரை விலையை ஏற்றியவர் பணம் கட்டாமல் போன அந்த ஒருவர்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அத்தகைய ஏலத்தின் விலையை மற்றவரின் தலையில் சுமத்துவதைவிட, பொருளைப் புதிதாக ஏலத்துக்கு விடுவதையே நான் விரும்புவேன். பலர் போட்டியிட்டு ஏறிய விலையென்றால் இந்தத் தயக்கம் தேவையில்லை.

இனி சந்தேகத்துக்குரியவரைப் பற்றி. ஏலம் நடக்கும்போதே, தளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் பேசலாம் என்பவர், விலையைப் பற்றியோ பொருளின் குறையைப் பற்றியோ ஒரு கேள்வியும் கேட்காமல் ‘இன்றே அனுப்ப முடியுமா’ என்று அவசரப்படுத்துபவர், விலைக்கு மேல் காசோலை அனுப்பி மிச்சத்தைத் தன் ‘லாரிக்காரருக்கு’ அனுப்பச் சொல்பவர் ஆகியோரிடம் உடனே விலகிக்கொள்ளுங்கள். வங்கி அந்தக் காசோலைத் தொகையை உங்கள் கணக்கில் காட்டிய பிறகும், அது போலி என்று சில வாரங்கள் கழித்துத் திரும்பலாம். அதற்குள் நீங்கள் அனுப்பிய மிச்சப் பணம் உங்கள் சொந்தப் பணமாகவே போயிருக்கும். ‘பணம் வந்துவிட்டது, பார்சலின் டிராக்கிங் எண்ணைத் தந்தால் விடுவிக்கப்படும்’ என்று வரும் மின்னஞ்சல் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் நம்ப வேண்டாம். அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே சென்று, ஆர்டர் பக்கத்தில் பணம் செலுத்தப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அங்கே காட்டாதவரை பொருள் வீட்டை விட்டு நகரக் கூடாது.

பணம் உண்மையாகவே வந்த பின், ‘முகவரி மாறிவிட்டது, வேறு இடத்துக்கு அனுப்புங்கள்’ என்று கேட்பது இன்னும் நுட்பமான வலை. ஆர்டரில் உள்ள முகவரிக்கு அனுப்பினால் மட்டுமே விற்பனையாளர் பாதுகாப்பு செல்லும். சொன்ன இடத்துக்கு அனுப்பிவிட்டால், பொருள் வரவில்லை என்று அவர் முறையிடும்போது உங்களிடம் பதில் இருக்காது. அந்த ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சரியான முகவரியுடன் மறுபடி வாங்கச் சொல்லுங்கள். உண்மையானவர் வாங்குவார், மற்றவர் காணாமல் போவார். மொத்தத் தொகை 750 டாலரோ அதற்கு மேலோ ஆனால், கையொப்பம் பெற்று ஒப்படைக்கும் சேவையிலேயே அனுப்ப வேண்டும். கேமரா, கைக்கடிகாரம் போன்றவற்றின் வரிசை எண்ணையும், கட்டிய பார்சலின் எடையையும் படம் எடுத்து வையுங்கள்; திரும்பி வரும் பெட்டியில் வேறொரு பொருள் இருந்தால் இந்தப் படங்களே சாட்சி.

விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு இடும் வழியை ஈபே 2008-இலேயே நீக்கிவிட்டது. ஆகையால் கோபத்தை அங்கே காட்ட முயலாமல், அவரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பணம் கட்டாமல் ரத்தான ஆர்டர்கள் பல உள்ளவர்களும், நீங்கள் அனுப்பாத நாடுகளில் இருப்பவர்களும் ஏலம் கேட்க முடியாதபடி அமைப்புகளிலேயே தடுக்கலாம். ஏலம் வேண்டாம், நிலையான விலை போதும் என்றால், உடனடிப் பணம் கட்டாயம் என்ற தெரிவு இந்தத் தொல்லையின் பெரும்பகுதியை நீக்கும்.

பார்சல் போன பிறகு மோசடி தெரிந்தால், முதல் அழைப்பு கூரியர் நிறுவனத்துக்குப் போக வேண்டும். வழியில் இருக்கும் பார்சலைப் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பும். அடுத்து தளத்தில் புகார் செய்யுங்கள். இந்தியாவிலிருந்து விற்றுப் பணத்தை இழந்தவர், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, செய்திகளையும் ரசீதுகளையும் அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.