முதல் ஆப்பிரிக்க சஃபாரி: ஆபரேட்டரையும் கைடையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரே கம்பெனி. ஒருவர் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, வாழ்நாளில் மறக்க முடியாத பயணம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். அதே மாதத்தில் போன இன்னொருவர், காசைக் கொட்டிக் கொடுத்துத் தூசியைத்தான் தின்றுவிட்டு வந்தோம் என்று ஒற்றை நட்சத்திரம் போட்டிருப்பார். புதிதாகப் போக நினைப்பவருக்குத் தலை சுற்றும். யாரை நம்புவது?

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். டான்சானியாவின் அரூஷாவிலும் கென்யாவின் நைரோபியிலும் பல கம்பெனிகளுக்குச் சொந்தமாக இருப்பது ஓர் அலுவலகமும் இரண்டு மூன்று வண்டிகளும்தான். கூட்டம் அதிகமானால் வண்டியை வாடகைக்கு எடுப்பார்கள், கைடை நாள் சம்பளத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆள் குறைந்தால் உங்களை வேறொரு கம்பெனியின் குழுவோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். ரசீதில் இருக்கும் பெயர் ஒன்று, வண்டி ஓட்டும் ஆள் இன்னொருவர். அதனால் கம்பெனியின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். யார் கைடு, எந்த வண்டி, எங்கே தூக்கம், எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். வடக்கு டான்சானியாவை வைத்துச் சொல்கிறேன், கென்யாவின் மாசாய் மாராவும் இடையிடையே வரும்.

படி 1: எந்த மாதம், எந்த இடம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்

இதை ஏஜென்டிடம் விட்டுவிட்டால் அவரிடம் எது காலியாக இருக்கிறதோ அதைத் தலையில் கட்டிவிடுவார். லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் (மாடு போன்ற உருவமுள்ள ஒரு வகை மான்) மழையையும் புல்லையும் தேடி வருடம் முழுக்க டான்சானியாவின் செரங்கெட்டி பூங்காவையும், அதை ஒட்டி எல்லைக்கு அப்பால் இருக்கும் மாராவையும் சுற்றி வருகின்றன. ஆகவே எந்த மாதத்திலும் 'மைக்ரேஷன் சஃபாரி', அதாவது மந்தை இடம்பெயர்வதைப் பார்க்கும் பயணம் என்று விளம்பரம் செய்யலாம், அது பொய்யாகாது. ஆனால் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே ந்டூட்டு பக்கம் இருக்கும், குட்டி போடும் காலம் அது. மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே கோகடெண்டே பகுதிக்கோ, எல்லை தாண்டிக் கென்யப் பக்கமோ போக வேண்டும். ஆகஸ்டில் ஆற்றைக் கடப்பதைக் காட்டுகிறோம் என்று சொல்லி, தங்குவதற்கு நடு செரங்கெட்டியின் செரொனெராவில் மட்டும் இடம் போட்டிருந்தால் அந்தப் பேக்கேஜ் உங்களுக்கு ஆகாது.

சரியான இடத்துக்கே போனாலும், மந்தை கரையில் மணிக்கணக்காக நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போவது உண்டு. கட்டாயம் பார்க்கலாம் என்று உத்தரவாதம் கொடுப்பவரை அங்கேயே கழித்துக்கட்டுங்கள். 'பிக் ஃபைவ்' என்கிற சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஐந்துக்கும் உத்தரவாதம் தருகிறவருக்கும் இதே பதில்தான். காண்டாமிருகம் பார்க்க வேண்டுமென்றால் பழைய எரிமலை வாயான ங்கொரொங்கொரோ பள்ளத்தைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், வாய்ப்பு அங்கேதான் அதிகம். உலர் மாதங்களில் யானைக் கூட்டத்துக்கு டராங்கிரி பூங்கா.

படி 2: அரசுக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். பூங்காக் கட்டணங்கள் ரகசியமில்லை, எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். நான் இதை எழுதும்போது உள்ள கணக்கு இது, கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர், நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். அரூஷாவிலிருந்து ங்கொரொங்கொரோ வழியாகச் செரங்கெட்டி, அங்கே பொது முகாமில் இரண்டு இரவு கூடாரம், திரும்பும்போது பள்ளத்தின் விளிம்பில் ஓர் இரவு, மறுநாள் காலை பள்ளத்துக்குள் இறங்குவது. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்குச் செரங்கெட்டியில் 24 மணி நேரத்துக்கு 70 டாலர், அதோடு 18 சதவீத வரி. இரண்டு நாளுக்கு 165 டாலர். கூடாரம் போட இரவுக்கு 30 டாலரும் வரியும், இரண்டு இரவுக்கு 71. ங்கொரொங்கொரோவுக்கு ஒவ்வொரு முறையும் வரியோடு 71, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, ஆக 142. பள்ளத்துக்குள் இறங்க ஒரு வண்டிக்கு 295 டாலர், நான்காகப் பிரித்தால் 74. மூன்றாம் இரவின் கூடாரக் கட்டணத்தைச் சேர்க்காமலேயே ஓர் ஆளுக்கு 450 டாலர் அரசுக்குப் போய்விடுகிறது.

இப்போது ஒருவர் இதே பயணத்தை ஆளுக்கு 600 டாலருக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். மிச்சம் 150. அரூஷாவிலிருந்து செரொனெரா ஒரு வழிக்கு மட்டும் 300 கிலோமீட்டருக்கு மேல், அதில் நிறையக் கரடுமுரடான மண்சாலை. டீசல், வண்டி வாடகை, கைடு சம்பளம், சமையல்காரர் சம்பளம், நான்கு நாள் சாப்பாடு எல்லாம் அந்த 150-க்குள் அடங்க வேண்டும். கம்பெனி எங்கே கை வைக்கும்? கைடு சம்பளத்தில் வைக்கும். டயரில், பராமரிப்பில் வைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக டீசலில் வைக்கும். 'கைடு வண்டியை எடுக்கவே மாட்டேன் என்றார், மதியம் மூன்று மணிக்கே கேம்ப்புக்குத் திரும்பிவிட்டோம்' என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அளந்து கொடுத்த டீசலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்? அடிமாட்டு விலை சஃபாரியில் அதிகம் நசுங்குபவர் அவர்தான், பழி வந்து விழுவதும் அவர் தலையில்தான்.

மாசாய் மாராவில் 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், மற்ற மாதங்களில் 100. அந்த டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். எனவே மாராவுக்கு விலை கேட்கும்போது, எத்தனை நாள் டிக்கெட் இதில் அடக்கம் என்று கேளுங்கள். 'மூன்று நாள் மாரா' என்று போட்டுவிட்டு, ஒரே ஒரு நாள் டிக்கெட்டை மட்டும் சேர்த்திருக்கலாம். மற்ற இரண்டு நாளும் நைரோபியிலிருந்து போவதிலும் வருவதிலும் கரைந்துவிடும்.

படி 3: உரிமம்

சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். டான்சானியாவில் டாட்டோ, கென்யாவில் காட்டோ என்று டூர் ஆபரேட்டர்களின் சங்கங்கள் உண்டு. உறுப்பினர் பட்டியலில் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், சுற்றுலா உரிமத்தின் நகலையும் கேளுங்கள். முன்பணம் கம்பெனி பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அரூஷா மணிக்கூண்டுப் பக்கம் நடந்தால், 'நாளைக்கே கிளம்பும் வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது' என்று கூடவே வருவார்கள். முதல்முறை போகிறவர்கள் அந்தப் பேச்சுக்குப் பிடி கொடுக்காமல் நகர்ந்துவிடுவது நல்லது.

படி 4: ரிவ்யூ படிக்கும் முறை

ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் தள்ளிவைத்துவிட்டு, மூன்றையும் நான்கையும் முதலில் படியுங்கள். நிதானமாக எழுதுபவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அப்புறம் புகார்களை இரண்டாகப் பிரியுங்கள். சிறுத்தையே கண்ணில் படவில்லை, மழை கெடுத்துவிட்டது என்பதெல்லாம் ஒரு பக்கம். அதற்கு ஆபரேட்டர் பொறுப்பில்லை. காலை ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினோம், சொன்ன லாட்ஜ் வேறு கொடுத்த லாட்ஜ் வேறு, தெரியாதவர்களோடு சேர்த்துவிட்டார்கள் என்பவை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையில் ஒரே புகார் மூன்று பேரிடமிருந்து வந்தால் அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள்.

வண்டி பழுதானதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தச் சாலைகளில் நல்ல வண்டியும் நிற்கும். மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று எழுதியிருக்கிறார்களா, அதைப் பாருங்கள். பாராட்டுகளில் கைடின் பெயர் வருகிறதா என்றும் கவனியுங்கள். ஒரே பெயர் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அவர் அங்கே நிலையாக வேலை செய்கிறார், கம்பெனி அவரை ஒழுங்காக வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: இந்தக் கேள்விகளை எழுதி அனுப்புங்கள்

மூன்று கம்பெனிகளுக்கு ஒரே மின்னஞ்சல் போதும். ஏறக்குறைய இப்படி:

'நாங்கள் நான்கு பேர். வண்டி உங்களுடையதா, வாடகையா? எங்களைத் தவிர வேறு யாராவது அதில் வருவார்களா? கைடு யார், உங்களோடு எத்தனை வருடமாக இருக்கிறார்? ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் பெயர் என்ன, அது பூங்காவுக்கு உள்ளேயா வெளியேயா? ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புவோம்? விடியற்காலையில் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போக முடியுமா? வண்டி ஓடும் தூரத்துக்கு வரம்பு உண்டா? பூங்காக் கட்டணம், பள்ளத்தில் இறங்கும் கட்டணம், வரி, குடிநீர் எல்லாம் விலையில் அடக்கமா? எங்களில் இருவர் சைவம், முட்டையும் கிடையாது.'

சாப்பாட்டு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். மதியப் பொட்டலத்தில் அவித்த முட்டையும் கோழித் துண்டும்தான் வழக்கம். நடுக்காட்டில் அதைத் திறந்து பார்த்துவிட்டுக் கைடிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

பதில் வந்ததும் வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். 'லேண்ட் குரூசர் அல்லது அதற்கு இணையானது' என்று வந்தால், அது கூரை திறக்கும் வேனாக மாறலாம். வேன் வேண்டாம் என்றால் அதை எழுதிக் கேளுங்கள். 'செரங்கெட்டிக்கு அருகில்' என்றால் பூங்காவுக்கு வெளியே என்று பொருள். அங்கே தங்கினால் வாசலுக்குப் போய் வருவதிலேயே விடியற்காலை போய்விடும், விலங்குகள் நடமாடும் நல்ல நேரமே அதுதான். போலீஸ் விசாரணை போல் இத்தனை கேள்வியா என்று தயங்காதீர்கள். நல்ல ஆபரேட்டர் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுவார், 'அந்தத் தேதியில் இந்தக் கைடு வேறு குழுவோடு இருக்கிறார், இன்னாரை அனுப்புகிறேன்' என்று வெளிப்படையாகவும் சொல்வார். 'கவலைப்படாதீர்கள், எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று மட்டும் வந்தால் அந்த மழுப்பலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கைடுக்குத் தகுதிச் சான்று இருக்கிறதா என்றும் கேட்கலாம். கென்யாவில் தொழில்முறை சஃபாரி கைடுகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறது. வெள்ளி வாங்கியவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

படி 6: முதல் நாள் மாலை கைடோடு உட்கார்ந்து பேசுங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. நீங்கள் வாய் திறக்காவிட்டால், வந்தவர்களுக்குச் சிங்கம்தான் வேண்டும் என்று கைடே முடிவு செய்துகொள்வார். எங்கோ சிங்கம் இருக்கிறது என்று ரேடியோவில் சேதி வந்ததும் அரக்கப் பரக்க ஓட்டுவார், போய்ச் சேர்ந்தால் இருபது வண்டிகளுக்குப் பின்னால் நிற்பீர்கள். எங்களுக்குப் பறவைகளும் பிடிக்கும், ஓரிடத்தில் அரை மணி நேரம் காத்திருக்கவும் தயார் என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய முகமே மாறும்.

நல்ல கைடின் வேலையைச் செரொனெரா ஆற்றோரம் பார்த்திருக்கிறேன். சிறுத்தை இருக்கிறது என்று ஒரு மரத்தடியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. எங்கள் கைடு அங்கே போகாமல் தள்ளி நிறுத்தி இன்ஜினை அணைத்தார். இம்பாலா மான்கள் மேய்வதை விட்டுவிட்டு எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன, ஒன்று மூக்கால் சீறியது. அவர் மரத்தைப் பார்க்கவில்லை, மான்களின் காதுகளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சிறுத்தை அந்த வண்டிக் கூட்டத்திலிருந்து விலகி, புல் வழியாக எங்கள் பக்கம் வந்து சாலையைக் கடந்தது. இப்படிப்பட்டவருக்கு நேரமும் டீசலும் கொடுக்கிற கம்பெனியைத்தான் தேட வேண்டும்.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. சாலையை விட்டு இறங்கு, இன்னும் கிட்டப் போ என்று கைடை நெருக்காதீர்கள். செரங்கெட்டியில் அதற்கு அனுமதி இல்லை, மாட்டினால் அபராதமும் தண்டனையும் அவருக்குத்தான். 2025 ஜூலையில் செரங்கெட்டியின் வடக்கே பயணிகள் வண்டியிலிருந்து இறங்கி ஆற்றங்கரையில் கூட்டமாக நிற்க, வில்டபீஸ்ட்கள் வழியில்லாமல் தடுமாறிய காணொளி உலகம் முழுக்கப் பரவியது. பார்க்கவே மனம் கொதித்தது. டிப்ஸ் குறையுமோ என்ற பயத்தில் கைடுகள் வளைந்து கொடுக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது நம் கையில் இருக்கிறது: விதியை மீற வேண்டாம் என்று முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

படி 7: தப்பு நடந்தால் அன்றைக்கே பேசுங்கள்

லாட்ஜ் மாறிவிட்டதா, கைடு தூங்கி வழிகிறாரா, வண்டியின் கூரை திறக்கவில்லையா? ஊர் திரும்பி ரிவ்யூவில் கொட்டினால் உங்கள் விடுமுறை திரும்பி வராது. முதலில் கைடிடம் தனியாக, மரியாதையோடு கேளுங்கள். சரியாகாவிட்டால் அன்று மாலையே அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பி, படி 5-ல் வந்த பதிலையும் ஒட்டுங்கள். எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் மறுநாளே ஏதாவது நடக்கும். மறுத்தால் டான்சானியாவில் டாட்டோவுக்கும், கென்யாவில் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் அதே தாள்களை அனுப்பலாம்.

டிப்ஸ் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 டாலர் வரை கைடுக்கு, சமையல்காரர் இருந்தால் அவருக்குத் தனியாக 10 என்று கொடுப்பது பொதுவான வழக்கம். கடைசி நாள், அவரவர் கையில் நேரடியாகக் கொடுங்கள். டாலர் நோட்டு புதிதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும், பழைய நோட்டை அங்கே மாற்றுவது கடினம். ரிவ்யூ எழுதும்போது கைடின் முழுப்பெயர், எந்த மாதம் போனீர்கள், தங்கிய இடங்கள், தினமும் கிளம்பிய நேரம் நான்கையும் மறக்காமல் எழுதுங்கள்.