வன்கொடியின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள்: அவரைக் குடும்பக் கொடி ஒன்றை இனங்கண்டு விவரிக்கும் முறை

புளியரையிலிருந்து எஸ் வளைவு ஏறி ஆரியங்காவுப் பக்கம் இறங்கினால், ஓடைக்கரையில் என் மாமாவின் ரப்பர்த் தோட்டம் இருக்கிறது. அதன் மேல்கோடியில் நிற்கும் தான்றி மரத்தை உச்சிவரை மூடிக்கிடந்த வன்கொடி (கட்டைத்தண்டுள்ள கொடி) ஒன்றை இனங்காண எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின. வழி தெரிந்திருந்தால் நான்கைந்து நாள் வேலைதான். பூவின் பாகங்களைப் பள்ளியில் படித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, அந்த வழியை இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இது சொந்தத் தோட்டம். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இரு புறமும் இதுவே நிலை.

கருவிகள் அதிகம் தேவையில்லை. நீளமான தொரட்டி, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், தையல் ஊசி இரண்டு, மில்லிமீட்டர் கோடுள்ள எஃகு அளவுகோல், பழைய செய்தித்தாள், பென்சில் ஆகியவை போதும். பேனா வேண்டாம்; சாரல் பட்டால் மை ஓடிவிடும். படம் எடுத்தால் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளை வன்கொடிகளுக்கு நான் நம்புவதில்லை. பல கொடிகள் பின்னிக்கிடக்கும் ஒரு படத்தில் எந்த இலை எந்தக் கொடியுடையது என்பதை அவற்றால் பிரித்தறிய முடியாது.

முதற்படி: ஒரே தண்டைத் தொடருங்கள்

நான் தவறியது இந்தப் படியில்தான். தொரட்டிக்கு எட்டிய உயரத்தில் மூன்று மூன்று சிற்றிலைகளாக இருந்த ஒரு கிளையைப் பறித்தேன். கொடியின் காலடியில், ஓடை மணலில், உள்ளங்கையை நிறைக்கும் வட்டமான, வழவழப்பான செம்பழுப்பு விதை ஒன்று கிடந்தது. அதையும் எடுத்து அதே உறையில் போட்டு ஒரே சேகரிப்பு எண்ணைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, அடையாளங்களைப் படிப்படியாகக் கேட்டுப் பெயருக்கு வழிகாட்டும் ‘இனங்காணும் திறவுகோலை’ப் பிரித்தால், இலை ஒரு பக்கமும் விதை இன்னொரு பக்கமும் இழுத்தன. இத்தனை பெரிய விதை என்டாடாப் பேரினத்துக்கு உரியது. ஆனால் என்டாடாவின் இலை இருமுறை பிரிந்த கூட்டிலை. அதன் நுனி பற்றுக்கம்பியாக முடியும். என் கையில் இருந்த மூவிலையில் பற்றுக்கம்பியின் சுவடே இல்லை.

பால் வெட்ட வரும் பெரியவர் ஒருவரிடம் இலையைக் காட்டி, “இது என்ன கொடி, அண்ணாச்சி?” என்று கேட்டேன். “காக்கவள்ளி, தம்பி” என்றார். விதையைக் காட்டினேன். “அதுவும் காக்கவள்ளிதான். பெருசு” என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலிலும் ‘காக்குவள்ளி’, ‘பெரிம் காக்குவள்ளி’ என்று இரண்டு கொடிகள் தனித்தனியாக உள்ளன. முன்னது மியூகுனா ஜைஜான்டியா. பின்னது, ரீடின் பெயரையே தாங்கி நிற்கும் ‘என்டாடா ரீடியை’ (Entada rheedei). வழக்குப்பெயர் ஒன்றானாலும் இவை வெவ்வேறு துணைக்குடும்பத்துக் கொடிகள்.

விதை எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் விளங்கியது. என்டாடாவின் காய் ஒரு மீட்டருக்கு மேலும் நீளும். முற்றியதும் விளிம்புச் சட்டம் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருக்க, நடுப்பகுதி ஒரு விதைக்கு ஒரு துண்டாகக் கழன்று விழும். விதை நீரில் மிதக்கும். ஆற்றோடு போய்க் கடலிலும் நெடுந்தூரம் செல்லும். ஓடையோடு மேலே நடந்தபோது தாய்க்கொடி அக்கரையில் நின்றது. என் தான்றி மரத்துக்கும் அந்த விதைக்கும் உறவே இல்லை. வெள்ளம் கொண்டுவந்து போட்ட விதை அது.

ஆகவே, தரையில் கிடப்பதை மாதிரியோடு சேர்க்காதீர்கள். மார்பளவு உயரத்தில் தண்டில் ஒரு வண்ணத் துணியைக் கட்டுங்கள். ஒருவர் கீழே நின்று தண்டை மெல்ல இழுத்து ஆட்ட, மற்றொருவர் சற்றுத் தள்ளி நின்று எந்தத் தழை அசைகிறது என்று பார்க்க வேண்டும். இலை, பூ, காய் மூன்றும் அந்தத் தண்டோடு இணைந்திருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே ஒரே எண்ணைக் கொடுங்கள். பூவுக்கு டிசம்பரிலும் காய்க்குப் பிப்ரவரியிலும் போனபோது, அந்தத் துணிதான் எனக்கு ஒரே கொடியைக் காட்டிக்கொடுத்தது.

இரண்டாம் படி: இலையும் ஏறும் விதமும்

இதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். கோணமொட்டு எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்குவதுதான் ஓர் இலை. அதற்கு மேல் உள்ளவை சிற்றிலைகள். காம்பின் அடியில் பருத்த அதைப்பு உள்ளதா, இலையடிச் செதில்கள் உதிர்ந்தனவா, பக்கச் சிற்றிலைகளின் இரு பாதிகளும் சமமா என்று குறித்துக்கொள்ளுங்கள். கொடி தன் தண்டையே சுற்றி ஏறுகிறதா, பற்றுக்கம்பியால் ஏறுகிறதா, முள்ளால் தொற்றி ஏறுகிறதா என்பதையும் எழுதுங்கள். உலர்த்திய மாதிரியில் இது தெரியாது.

மூன்றாம் படி: மொட்டைப் பிரித்தல்

மலர்ந்த பூவைவிட, மறுநாள் மலரவிருக்கும் மொட்டே உண்மையைச் சொல்லும். இதழ்கள் ஒன்றையொன்று மூடியிருக்கும் வரிசை அதில்தான் குலையாமல் இருக்கும். மொட்டை இடக்கை விரல்களில் பிடித்து, ஊசி முனையால் வெளியிதழிலிருந்து ஒவ்வொன்றாக விலக்குங்கள். மேல்புற இதழான கொடியல்லி எல்லாவற்றுக்கும் வெளியே இருந்து மற்றவற்றை மூடியிருந்தால் அது பாப்பிலியோனாய்டியே என்னும் துணைக்குடும்பம். அதே மேல்புற இதழ் எல்லாவற்றுக்கும் உள்ளே மூடப்பட்டிருந்தால், கொன்றை, கழற்சி முதலியவை அடங்கிய சிசால்பினியாய்டியே பக்கம் போக வேண்டும். பூக்கள் மிகச் சிறியனவாக, இதழ்கள் விளிம்போடு விளிம்பு தொட்டுக்கொண்டு, மகரந்தத்தாள்கள் வெளியே நீட்டியிருந்தால் அது தொட்டாற்சுருங்கியின் சுற்றம். என்டாடா அங்கேதான் சேரும்.

பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்தது மூன்று துணைக்குடும்பங்கள். 2017இல் வெளியான வகைப்பாடு அவரைக் குடும்பத்தை ஆறாகப் பிரித்து, தொட்டாற்சுருங்கியின் துணைக்குடும்பமான மைமோசாய்டியேயைச் சிசால்பினியாய்டியேக்குள் ஒரு கிளையாக அடக்கிவிட்டது. பழைய திறவுகோலை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பேரினத்தைக் கண்டுபிடிக்க அது இன்றும் உதவும். துணைக்குடும்பத்தின் பெயரை மட்டும் புதிய வகைப்பாட்டின்படி எழுதினால் போதும்.

என் கொடியின் மொட்டில் கொடியல்லி வெளியே இருந்தது. பூ கருஞ்சிவப்பு ஊதா. படகுபோல் இணைந்த அடிப்புற இதழ்களான படகல்லி, கொடியல்லியைவிடத் தெளிவாக நீண்டு, நுனி கொம்புபோல் கெட்டிப்பட்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. அதைக் கீறித் திறந்தால் பத்து மகரந்தத்தாள்கள்: ஒன்பது கற்றையாக இணைந்தும் ஒன்று தனித்தும் நின்றன. லென்ஸை அருகே கொண்டுபோனபோது மகரந்தப்பைகள் இரண்டு விதமாக, நீளமானதும் குட்டையானதும் மாறி மாறி இருப்பதைக் கண்டேன். மியூகுனாப் பேரினத்தை உறுதிசெய்யும் அடையாளம் இது. அந்தக் காட்சிக்காகவே பத்து மொட்டுகளைப் பிரிக்கலாம்.

பூவின் நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். மியூகுனாவின் பூக்கள் உலரும்போது கறுத்துவிடும்.

நான்காம் படி: காய்

கையுறை இல்லாமல் மியூகுனாவின் காயைத் தொடவே கூடாது. அதன் செம்பழுப்புச் சுணைகள் தோலில் குத்தி நிற்கும். இதே பேரினத்தைச் சேர்ந்த பூனைக்காலியின் சுணையில் உள்ள மியூகுனைன் என்னும் நொதியே அந்த அரிப்புக்கு முக்கியக் காரணம். சுணை பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தெடுங்கள். காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று வெட்டுங்கள்.

சிற்றினத்தை முடிவுசெய்வது காய்தான். என் கொடியின் காய் சாய்ந்த முட்டை வடிவம், விளிம்பில் சிறகு, பரப்பெங்கும் சாய்வாக ஓடும் இணையான மடிப்புத் தகடுகள், உள்ளே ஒரே விதை. மியூகுனா ஜைஜான்டியாவின் காயிலும் விளிம்புச் சிறகு உண்டு. ஆனால் பரப்பில் இந்த மடிப்புகள் இல்லை, விதைகளும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல். பூனைக்காலியின் காய் வளைந்து, நீளவாக்கில் வரம்புகளோடு இருக்கும். ஆக, என் கொடி ரீடின் காக்குவள்ளியும் இல்லை, பெரிய காக்குவள்ளியும் இல்லை. அது மூன்றாவதான மியூகுனா மோனோஸ்பெர்மா. ‘ஒற்றை விதையுடையது’ என்பதே அந்தப் பெயரின் பொருள்.

ஐந்தாம் படி: ஒப்பிடுதலும் விவரணையும்

திறவுகோல் தந்த பெயரை உலர்தாவரத் தொகுப்பு ஒன்றில் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்க வேண்டாம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும், திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்டத்திலும் பெரிய தொகுப்புகள் உள்ளன.

விவரணையை வளரியல்பில் தொடங்கி, தண்டு, இலை, மஞ்சரி, பூ, காய், விதை என்று கீழிருந்து மேலாக, வெளியிலிருந்து உள்ளாக எழுதுங்கள். ஒரே ஓர் இலையை அளந்து எழுதாமல், பத்தை அளந்து, சிறியதையும் பெரியதையும் எல்லையாகக் கொடுங்கள். ‘அழகிய’, ‘பெரிய’ போன்ற சொற்களுக்கு இதில் இடமில்லை. என் குறிப்பேட்டில் உள்ளது இப்படி: “சுற்றி ஏறும் வன்கொடி. இலை மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. சிற்றிலை 9–14 செ.மீ. நீளம், 5–8 செ.மீ. அகலம், பக்கச் சிற்றிலைகள் சமச்சீரற்றவை. மஞ்சரி இலைக்கோணத்தில். பூ கருஞ்சிவப்பு ஊதா; படகல்லி கொடியல்லியைவிட நீளமானது. காய் 6–7 செ.மீ. நீளம், 4–5 செ.மீ. அகலம், சாய்ந்த மடிப்புகளும் செம்பழுப்புச் சுணையும் உடையது, விதை ஒன்று.” இத்தனையும் எழுதி முடித்த பிறகுதான் மேலே விட்டிருந்த வெற்றிடத்தில் பெயரை எழுதினேன். முதலில் எழுதினால், கண் அந்தப் பெயருக்கு ஏற்றதையே தேடும்.

குறிப்பைத் தமிழில் எழுதுவதில் தயக்கம் வேண்டாம். ஆனால் புதிய சிற்றினம் ஒன்றை முறைப்படி வெளியிடுவதானால், 2012 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தபின் குமுளிப் பக்கத்து வாசகர் ஒருவர், உலர்த்திய பூவைப் பிரித்தால் பொடிந்துவிடுகிறது என்று எழுதினார். கொதித்த நீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்தால் இதழ்கள் மீண்டும் இளகும்; பிறகு ஒரு தட்டில் நீர் வைத்து அதற்குள்ளேயே பிரியுங்கள்.

இன்னொரு சேர்க்கை: சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், தம் கொடியில் மூவிலையே இல்லை, மாட்டுக் குளம்புபோல் நடுவில் பிளந்த ஒற்றை இலைதான் இருக்கிறது, பற்றுக்கம்பிகள் இரண்டிரண்டாகச் சுருண்டிருக்கின்றன என்று படம் அனுப்பினார். அது மந்தாரையின் உறவான பனேரா வாஹ்லியாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆந்திரத்தில் ‘அட்டாகு’ என்று தைத்துச் சாப்பாட்டுத் தட்டாக்கும் இலை அதுதான். புதிய வகைப்பாட்டில் அது செர்சிடாய்டியே என்னும் தனித் துணைக்குடும்பம். பூக்கும்வரை காத்திருந்து, அதே தண்டில் துணியைக் கட்டி வைக்கும்படி அவருக்கு எழுதியிருக்கிறேன்.